பெயரை மாற்றியது யார்? எல்லிஸ் தீவுக் கதை ஒன்றின் ஆய்வு

நியூயார்க் யூதர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று உண்டு. ரஷ்யாவிலிருந்து கப்பலேறி வந்த ஒருவரிடம் கூட வந்தவர்கள், “உன் பழைய பெயர் அங்கே எடுபடாது, இந்தப் பெயரைச் சொல்” என்று ஓர் அமெரிக்கப் பெயரைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மனிதர் அதை முணுமுணுத்துக்கொண்டே வரிசையில் நகர்கிறார். நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில், குடியேறிகளைச் சோதித்து உள்ளே அனுப்பும் அதிகாரி முன்னால் போய் நின்றதும் பதற்றத்தில் எல்லாம் போய்விடுகிறது. “ஷோய்ன் ஃபர்கெஸன்!” என்கிறார், கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய யித்திஷ் மொழியில். ‘மறந்தே போச்சு’ என்று அர்த்தம். அதிகாரி காதில் விழுந்தபடி எழுதிக்கொள்கிறார்: ஷான் ஃபெர்குசன்.

இது சிரிக்கச் சொன்ன கதை. ஆனால் இதே கதை சிரிப்பில்லாமல் ஆயிரக்கணக்கான வீடுகளில் உலவுகிறது. “எங்கள் பெயர் இவ்வளவு நீளம். எல்லிஸ் தீவில் ஒரு அதிகாரி பாதியை வெட்டிவிட்டான்” என்று தாத்தா சொல்வார், அப்பா சொல்வார், பேத்தி பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதுவாள். நானும் பல வருடம் இதை நம்பியவன்தான். சினிமாவில்கூடப் பார்த்திருக்கிறோமே! இந்த ஒற்றை வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, ஆவணங்கள் அதைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. யூதக் குடியேறிகளின் குடும்ப வரலாறு எந்தெந்தக் காகிதத்தில் தங்கியிருக்கிறது, அதை எப்படித் தேடி எடுக்கிறார்கள் என்பதும் இந்த வழியில் தானாகவே தெரிந்துவிடும்.

பட்டியல் எங்கே எழுதப்பட்டது

1881 முதல் 1924 வரை கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சத்துக்கும் அதிகமான யூதர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வாசல் நியூயார்க் துறைமுகம். எல்லிஸ் தீவு நிலையம் 1892இல் திறந்து 1954இல் மூடப்பட்டது. அதன் வழியாக வந்தவர்கள் எல்லா இனத்தாரையும் சேர்த்து 1 கோடியே 20 லட்சம் பேர். 1907 ஏப்ரல் 17 அன்று ஒரே நாளில் 11,747 பேர் வந்து இறங்கினார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒரு குமாஸ்தா பேனாவும் கையுமாக உட்கார்ந்து ஆளுக்கொரு புதுப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பார்த்தாலே சந்தேகம் வர வேண்டும்.

அதிகாரி அங்கே பெயர் எதையும் புதிதாக எழுதவே இல்லை. அவர் முன்னால் விரிந்திருந்தது கப்பல் கம்பெனி கொண்டுவந்து கொடுத்த பயணிகள் பட்டியல். அது எழுதப்பட்டது ஹாம்பர்க்கில், ப்ரெமனில், ரோட்டர்டாமில், ஆன்ட்வெர்ப்பில், லிவர்பூலில். ஆள் கப்பலில் கால் வைப்பதற்கு முன்பே, பயணச்சீட்டு விவரத்தை வைத்துக் கம்பெனிக் குமாஸ்தா எழுதியது அது. 1893ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரு தாளில் 30 பேருக்கு மேல் எழுதக் கூடாது. தவறான ஆளைக் கொண்டுவந்து இறக்கினால் திருப்பிக் கூட்டிப்போகும் செலவு கம்பெனி தலையில் விழும். தொற்றுநோய் உள்ளவரை ஏற்றிவந்தால் ஆளுக்கு 100 டாலர் அபராதமும் வந்தது. ஆக, பட்டியல் சரியாக இருக்க வேண்டும் என்ற கவலை கம்பெனிக்குத்தான் அதிகம். குடும்ப வரலாற்றைக் காப்பாற்ற நினைத்து யாரும் அதை எழுதவில்லை. அபராதத்துக்குப் பயந்து எழுதிய கணக்கு அது.

எல்லிஸ் தீவில் நடந்தது ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை. தாளில் உள்ள பெயரைக் கூப்பிடுவார்கள், ஆள் வந்து நிற்பார், தாளில் உள்ள கேள்விகளையே திரும்பக் கேட்பார்கள். எங்கே போகிறாய், யாரிடம் போகிறாய், கையில் எவ்வளவு பணம். பதில் தாளோடு பொருந்தினால் மேலே போகலாம். மொழி புரியாமல் குளறுபடி ஆனது என்ற பேச்சும் அவ்வளவாக நிற்காது, ஏனென்றால் அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் சம்பளத்துக்கு இருந்தார்கள். பிற்பாடு நியூயார்க் மேயரான ஃபியோரெல்லோ லா கார்டியா 1907 முதல் 1910 வரை அங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். யித்திஷ் பேசத் தெரிந்தவர். யூதக் குடியேறிகளுக்கு உதவிய சங்கம் தன் ஆளையே தீவில் நிறுத்தியிருந்தது. யித்திஷ் அகராதி தொகுத்த அலெக்சாண்டர் ஹார்க்காவி அந்த வேலையில் இருந்திருக்கிறார். ‘ஷோய்ன் ஃபர்கெஸன்’ என்ற இரண்டு சொல் புரியாமல் போக அங்கே வழியில்லை. அமெரிக்கக் குடிவரவுத் துறையின் வரலாற்றாளராக இருந்த மேரியன் ஸ்மித் இதையெல்லாம் துறையின் நடைமுறை விதிகளைக் கொண்டே விளக்கி எழுதியிருக்கிறார்.

ஒரு தாளை அருகில் வைத்துப் பார்த்தால்

1907க்குப் பிந்திய பட்டியல் என்றால் ஒரு பயணியின் வரி இரண்டு பக்கத்துக்கு நீளும். மொத்தம் 29 கட்டங்கள். புதிதாகத் தேடுகிறவர்கள் இடது பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியாக மூடிவிடுவார்கள். அது பெரிய தப்பு. வலது பக்கத்தில்தான் அமெரிக்காவில் யாரிடம் போகிறார் என்று உறவுமுறையும் முகவரியும் இருக்கும்: ‘மைத்துனர்’, ‘மாமா’, கீழ் மன்ஹாட்டனில் ஒரு தெரு, வீட்டு எண். அந்த மைத்துனர் எப்போது வந்தார் என்று தேடினால் அவருடைய வரியில் இன்னொருவர் பெயர் இருக்கும். சங்கிலி மாதிரி இழுத்துக்கொண்டே போகலாம்.

அதைவிட அருமையான கட்டம் ஒன்று உண்டு. சொந்த நாட்டில் விட்டுவிட்டு வந்த நெருங்கிய உறவினர் யார் என்ற கேள்வி அது. அங்கே தகப்பன் பெயரோ மனைவி பெயரோ ஊரோடு எழுதியிருக்கும். கப்பலேறாத ஒருவர், அமெரிக்கா பக்கமே வராத ஒருவர், அமெரிக்க அரசாங்கக் காகிதத்தில் இடம்பிடித்திருப்பது அந்த ஒரு கட்டத்தில்தான். எத்தனையோ குடும்பங்களுக்குக் கொள்ளுத்தாத்தாவின் பெயர் அங்கிருந்துதான் முதன்முதலாகத் தெரியவந்திருக்கிறது.

ஓரத்துக் கிறுக்கல்களையும் விடக் கூடாது. எக்ஸ் குறி போட்டிருந்தால் ஆளை அன்றைக்கு நிறுத்திவைத்தார்கள் என்று அர்த்தம். பட்டியலின் கடைசித் தாள்களில் அப்படி நிறுத்திவைத்தவர்களின் பட்டியல் தனியாக இருக்கும். எத்தனை வேளை சாப்பாடு போட்டார்கள் என்பதுகூட அதில் கணக்கு. பெயருக்கு மேல் வேறு மையில், வேறு கையெழுத்தில் எண்கள் இருந்தால் அது பல வருடம் கழித்து எழுதியது. அந்த ஆள் குடியுரிமைக்கு மனுப் போட்டபோது, இவர் சொல்வது நிஜமா என்று யாரோ பழைய கட்டைப் பிரித்துச் சரிபார்த்திருக்கிறார்கள். சில இடங்களில் பழைய பெயருக்கு மேலே புதுப் பெயரையும் எழுதியிருப்பார்கள். “பார்த்தீர்களா, எல்லிஸ் தீவில் மாற்றியிருக்கிறார்கள்!” என்று ஆட்கள் துள்ளிக் குதிப்பது இங்கேதான். தேதியைப் பார்த்தால் விஷயம் வேறு.

பட்டியலையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. கட்டாய ராணுவச் சேவைக்குத் தப்பி எல்லை தாண்டியவர்கள் உண்டு. இன்னொருவர் பெயரில் எடுத்த சீட்டில் வந்தவர்களும் உண்டு. தாளில் உள்ள பெயரே பொய்ப் பெயராக இருக்கலாம்.

அப்படியானால் எப்போது மாறியது

இர்விங் பெர்லினை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கப் பாட்டு உலகின் பெரிய பெயர் என்பதால் அவர் காகிதங்களை நிறையப் பேர் துருவியிருக்கிறார்கள். 1888இல் பிறந்தார். 1893 செப்டம்பரில், ஐந்து வயதில், ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த ரைன்லாந்து கப்பலில் பெற்றோரோடு நியூயார்க் வந்து இறங்கியபோது அவர் இஸ்ரேல் பெய்லின். வந்த பிறகு குடும்பப் பெயர் பலைன் என்றானது. 1907இல் அவர் வரி எழுதிய முதல் பாட்டு அச்சானபோது அதில் ‘ஐ. பெர்லின்’ என்று இருந்தது. பதினான்கு வருடத்தில் மூன்று பெயர். முதல் மாற்றம் பெரும்பாலும் எழுத்துக்கூட்டல் விவகாரம். அடுத்தது பாட்டுக் கடைத்தெருவின் வேலை. (பிறந்த ஊரே இன்னும் தகராறில் இருக்கிறது. சைபீரியாவின் த்யூமென் என்று ஒரு கட்சி, இன்றைய பெலாரூசில் உள்ள தொலோச்சின் என்று இன்னொரு கட்சி.)

புகழ் பெறாதவர்கள் கதையும் ஏறக்குறைய இப்படித்தான். நியூயார்க் மாநிலத்தில் பெயரை மாற்றிக்கொள்ள நீதிமன்றம் போக வேண்டிய கட்டாயமில்லை. ஏமாற்றும் நோக்கமில்லாமல் ஒரு பெயரைப் புழங்க ஆரம்பித்தாலே போதும். தையல் கடை மேஸ்திரி கூப்பிட வசதியாக ஒன்று, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது ஒன்று, கடைப் பலகையில் ஒன்று. மோய்ஷே மோரிஸ் ஆனார், ஹைம் ஹைமன் ஆனார், ஹெர்ஷ் ஹாரி ஆனார், ஃபெய்கே ஃபேனி ஆனாள். இதற்கெல்லாம் காகிதம் கிடையாது. 1905, 1910, 1915 என்று அடுத்தடுத்த மக்கள்தொகைக் கணக்குகளை எடுத்துவைத்து, பிள்ளைகளின் வயதும் வரிசையும் பொருந்துகிறதா என்று பார்த்துத்தான் இது அதே குடும்பம் என்று முடிவுக்கு வர வேண்டும்.

காகிதம் உள்ள இடம் குடியுரிமை மனு. 1906 செப்டம்பர் 27 முதல் நாடு முழுவதற்கும் ஒரே படிவம் வந்தது. அதற்கு முன்னால் ஒவ்வொரு நீதிமன்றமும் தன் இஷ்டத்துக்கு ஒரு காகிதம் வைத்திருந்தது. அதில் ‘ரஷ்யா’ என்பதற்கு மேல் ஊர் விவரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். புதுப் படிவத்தில் பிறந்த ஊர், கப்பல் பெயர், வந்த தேதி, மனைவி மக்கள் எல்லாம் உண்டு. பெயரை மாற்றிக்கொள்ள விரும்பினால் இந்த மனுவிலேயே நீதிபதியிடம் கேட்கலாம். கீழே கையெழுத்து இருக்கும். பழைய பெயரை அவரே எழுதியிருப்பார், சில சமயம் ஹீப்ரு எழுத்தில், கோணல்மாணலாக. தாத்தாவின் பெயரை வெட்டியவர் தாத்தாதான் என்று பேரன் தெரிந்துகொள்வது இந்த இடத்தில்.

பெண்களின் கதை இங்கே அறுந்துவிடுகிறது. 1922 வரை மனைவிக்குத் தனியாகக் குடியுரிமை மனு தேவைப்படவில்லை, கணவனோடு சேர்ந்து அவளும் குடிமகள். ஆகவே பாட்டியின் பிறந்த ஊரை அவள் பேரில் உள்ள மனுவில் தேடினால் மனுவே இருக்காது.

இன்னொரு பெரிய குவியல் நியூயார்க் நகர நீதிமன்றத்தில் இருக்கும் பெயர்மாற்ற மனுக்கள். அதில் யூதப் பெயர்கள் அவர்களுடைய மக்கள்தொகைக்குப் பொருந்தாத அளவுக்கு அதிகம். மனு வெள்ளமாக வந்தது எப்போது தெரியுமா? கப்பல்கள் வந்து முடிந்து வெகுகாலம் கழித்து, 1930களிலும் 1940களிலும். மனுப் போட்டவர்களில் நிறையப் பேர் அமெரிக்காவிலேயே பிறந்த பிள்ளைகள். ‘உச்சரிக்கக் கடினமாக இருக்கிறது’, ‘அந்நியமாக ஒலிக்கிறது’ என்று காரணம் எழுதியிருப்பார்கள். வெளியே சொல்லாத காரணம் எல்லோருக்கும் தெரியும். பெரிய பல்கலைக்கழகங்கள் 1920களிலிருந்தே யூத மாணவர் எண்ணிக்கையைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தன. வேலை விளம்பரங்களில் ‘கிறிஸ்தவர்கள் மட்டும்’ என்று வெளிப்படையாகவே போட்ட காலம். கணவன், மனைவி, அண்ணன், தம்பி என்று குடும்பமே சேர்ந்து ஒரு மனுவில் பெயரை மாற்றிக்கொண்டது உண்டு.

எல்லிஸ் தீவுக் கதை ஏன் இவ்வளவு பிடிவாதமாக நிற்கிறது என்பதற்கு என் கணிப்பு இதுதான். வேலை கிடைக்கவில்லை, அதனால் அப்பா கொடுத்த பெயரை விட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்வது லேசில்லை. முகம் தெரியாத ஓர் அதிகாரி மேல் பழியைப் போட்டுவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை. அதனால் கதை பொய் என்று தெரிந்ததும் அதைக் குப்பையில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. யார் சொன்னார், யாரிடம் கேட்டதாகச் சொன்னார் என்று குறித்துக்கொண்டு அதையும் கோப்பில் வைக்க வேண்டும். பட்டியல் நடந்ததைச் சொல்லும். அந்தக் குடும்பம் எதைச் சொல்லக் கூசியது என்பதைக் கதைதான் சொல்லும்.

தேடல் என்னும் தொழில்நுட்பம்

காகிதம் இருந்தால் போதுமா? எழுதியவர் ஹாம்பர்க் காதுக்குக் கேட்டபடி எழுதியிருக்கிறார், தேடுகிறவர் புரூக்ளின் எழுத்துக்கூட்டலில் தேடுகிறார். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. ரஷ்ய எழுத்தில் ‘ஹ’ ஒலி கிடையாது, அதனால் ஹோரோவிட்ஸ் அங்கே குரோவிச்சாகவோ குர்விட்ஸாகவோ இருப்பார். போலந்துக்காரர் டபிள்யூ போட்டு எழுதுவதை இங்கிலீஷ்காரர் வி போட்டு எழுதுவார்.

ஒலியை வைத்துத் தேடும் சவுண்டெக்ஸ் முறை 1918லேயே காப்புரிமை பெற்றுவிட்டது. ஆனால் அது ஆங்கிலப் பெயர்களுக்கென்று செய்தது. மோஸ்கோவிட்ஸ் என்ற ஒரே பெயரை டபிள்யூ போட்டு எழுதினால் எம்-232 என்றும், வி போட்டு எழுதினால் எம்-213 என்றும் வெவ்வேறு குறியீடு தரும். 1985இல் யூதக் குடும்ப வரலாற்று ஆய்வாளர் கேரி மோகோடாஃப் இந்தச் சுவரில் முட்டிக்கொண்டார். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்துப் பாலஸ்தீனத்தில் 1921 முதல் 1948 வரை சட்டப்படி பெயர் மாற்றிக்கொண்ட சுமார் 28,000 பேரின் பட்டியலுக்கு அவர் அகராதி வரிசை செய்துகொண்டிருந்தார். பெயர் மாற்றியவர்களைத் தேடப்போய்த்தான் பெயர் தேடும் முறையே மாறியது என்பது இதில் ஒரு ரசம். அவர் தொடங்கியதை ராண்டி டெய்ச் செம்மைப்படுத்த, டெய்ச்–மோகோடாஃப் முறை பிறந்தது. முதலெழுத்தையும் எண்ணாக மாற்றி ஆறு இலக்கம் தரும் முறை அது. மோஸ்கோவிட்ஸை எப்படி எழுதினாலும் 645740.

எல்லிஸ் தீவுப் பதிவுகள் 2001 ஏப்ரலில் இணையத்துக்கு வந்தன. குடியேறிகளோடு மற்றப் பயணிகள், கப்பல் பணியாளர்கள் என்று 2 கோடிக்கும் மேலான பெயர்களை மைக்ரோஃபிலிமிலிருந்து பார்த்துப் பார்த்து எழுதியவர்கள் மார்மன் திருச்சபைத் தன்னார்வலர்கள். அடுத்து வந்தவர் ஸ்டீஃபன் மோர்ஸ். இன்டெல் 8086 சில்லை வடிவமைத்த அதே மோர்ஸ்தான். அந்தத் தளத்தில் தேடுவது சுற்றிவளைப்பாக இருந்ததால், ஒரே படிவத்தில் தேடும் கருவியை அவரே எழுதி இலவசமாகப் போட்டுவிட்டார். பெயர் தெரியாவிட்டாலும் வயது, ஊர், வந்த வருடம் வைத்து வளைத்துப் பிடிக்கலாம். ஆவணக் காப்பகம் என்றால் கட்டடமும் பெட்டிகளும் நினைவுக்கு வருகின்றன. என்னைக் கேட்டால், பெயரைத் தேடி எடுக்க வழியில்லாத காப்பகம் பூட்டிய அறைதான்.

ஐரோப்பியப் பக்கத்தைப் பற்றிக் குடும்பங்களில் இன்னொரு வாக்கியம் சுற்றும்: “எங்கள் ஊர் ஏடெல்லாம் எரிந்துவிட்டது.” சில ஊருக்கு அது உண்மை. ஆனால் ரஷ்யப் பேரரசின் கீழிருந்த போலந்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளை இரண்டு பிரதி எழுதி ஒன்றை நீதிமன்றத்தில் வைக்கும் வழக்கம் இருந்தது. மக்களை நாஜிகள் கொன்றுவிட்டார்கள், அந்த மக்கள் பிறந்த பதிவு பல இடங்களில் தப்பிவிட்டது. அவற்றுக்கு அட்டவணை போடும் திட்டத்தை 1995இல் தொடங்கியவர்களில் முக்கியமானவர் மாண்ட்ரியல்காரரான ஸ்டான்லி டயமண்ட். அவரை இதில் இழுத்துவிட்டது பாசமோ பழமையோ அல்ல, ரத்தப் பரிசோதனை. குடும்பத்தில் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோயின் மரபணு ஓடுவது தெரிந்து, எந்தெந்தக் கிளையை எச்சரிக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினார். ஜே.ஆர்.ஐ.–போலந்து என்ற அந்தத் தொகுப்பில் இன்று 60 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. கப்பல் பட்டியல்கள் பக்கம் அதிர்ஷ்டம் சமமாக இல்லை. ஹாம்பர்க் 1850 முதல் 1934 வரை பத்திரமாக வைத்திருந்தது. ப்ரெமனில் இடமில்லை என்று பழைய கட்டுகளை அவர்களே அழித்தார்கள், மிச்சத்தில் பெரும்பகுதி போரில் போனது.

இத்தனை காகிதத்திலும் அவர்கள் குரல் இல்லையே என்று தோன்றினால், அதற்கும் ஓரிடம் உண்டு. வில்னாவில் (இன்றைய வில்னியஸ்) 1925இல் தொடங்கிய யிவோ என்ற யூத ஆய்வு நிறுவனம் இளைஞர்களிடம் வாழ்க்கைக் கதை எழுதச் சொல்லிப் போட்டிகள் நடத்தியது. மூன்றாவது போட்டியின் பரிசை அறிவிப்பதாக இருந்த நாள் 1939 செப்டம்பர் 1. அன்றைக்குத்தான் ஜெர்மானியப் படை போலந்துக்குள் நுழைந்தது. நியூயார்க்குக்கு இடம்பெயர்ந்த யிவோ 1942இல் குடியேறிகளிடம் அதே வேலையைச் செய்தது. பழைய நாட்டை ஏன் விட்டேன், அமெரிக்காவில் என்ன சாதித்தேன் என்பது தலைப்பு. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் யித்திஷில், எழுதி அனுப்பினார்கள். விட்டுவந்த ஊர்களில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது முழுதாகத் தெரியாத வருடம் அது. தங்கள் கையெழுத்தில் இருப்பது அந்த ஊர்களின் கடைசிச் சாட்சியங்களில் ஒன்று என்று எழுதியவர்களுக்கே தெரிந்திருக்காது.

கல்லில் இருப்பது

அனுபவமுள்ளவர்கள் தேடலைக் கப்பலில் தொடங்க மாட்டார்கள், கல்லறையில் தொடங்குவார்கள். இறந்தவரிலிருந்து பின்னோக்கி நடப்பதுதான் முறை. நியூயார்க்கின் யூத இடுகாடுகளில் ஊர்ச் சங்கங்களுக்குத் தனித்தனி மனை உண்டு. ஒரே ஊரிலிருந்து வந்தவர்கள் சந்தா கட்டி நடத்திய சங்கங்கள் அவை. நோய்க்கு உதவி, சாவுக்கு இடம் என்று அவர்களே பார்த்துக்கொண்டார்கள். மனையின் வாசல் தூணில் ஊர்ப் பெயர் வெட்டியிருக்கும். குடியுரிமை மனுவில் ‘ரஷ்யா’ என்று மட்டும் இருந்தவரின் சொந்த ஊர், அவர் யார் பக்கத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார் என்பதில் தெரிந்துவிடும்.

கல்லின் உச்சியில் ‘பே’, ‘நூன்’ என்று இரண்டு ஹீப்ரு எழுத்து: இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார் என்பதன் சுருக்கம். விரல் விரித்த இரண்டு கைகள் செதுக்கியிருந்தால் அவர் கோஹேன் என்னும் குருக்கள் வழி, தண்ணீர்க் குடுவை இருந்தால் அந்தக் குருக்களுக்குக் கோயிலில் உதவிய லேவி வழி. கீழே ஆங்கிலத்தில் அமெரிக்கப் பெயர், வெட்டிக் குறுக்கியது. மேலே ஹீப்ருவில் இன்னாரின் மகன் இன்னார். குடும்பப் பெயர் என்பதே அந்த மக்களுக்கு அரசாங்கம் சுமத்தியது. ஆஸ்திரியாவில் 1787இல் ஆணை வந்தது, ரஷ்யாவில் 1804இல், போலந்தில் 1821இல். அதற்கு முன்னால் தகப்பன் பெயர்தான், நாம் இனிஷியல் போடுகிற மாதிரி. பாஸ்போர்ட் படிவத்தில் ‘சர்நேம்’ கட்டத்தைப் பார்த்து விழித்த எந்தத் தமிழருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

பேரன் தொலைந்துபோனதாக நினைத்துத் தேடிவந்த நீளமான பழைய பெயர், அந்த ஹீப்ரு வரியில் பெரும்பாலும் இருக்காது. தாத்தாவின் பெயர் இருக்கும், அவருடைய அப்பாவின் பெயர் இருக்கும்.